பீங்கான் மேட்டுப் பொம்பளைங்க அவசரம்

கேக்குறவங்க உக்காந்து கேளுங்க, நம்பாதவங்க எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு வந்து கேளுங்க, ஏன்னா இது தண்ணி குடிக்கப் பயந்த பொம்பளைங்க கதை, பீங்கான் மேட்டுல நடந்த கதை, நான் அங்கதான் இருந்தேன், இன்னிக்கும் அங்கதான் இருக்கேன், என் பேரு கன்னிம்மா.

பீங்கான் மேடு எங்க இருக்குன்னா, கால்வாய்க்கு இந்தாண்ட, ரயில் தண்டவாளத்துக்கு அந்தாண்ட, ஒரு காலத்துல ஊறுகாய் ஜாடி செய்யிற கம்பெனி இருந்து இடிஞ்சுபோன மேட்டு மேல. மழை பேஞ்சா இன்னிக்கும் மண்ணுக்குள்ளேர்ந்து வெள்ளைச் சில்லு எழும்பி வந்து கொழந்தைங்க காலைக் கிழிக்கும். எங்க ஆளுங்களுக்கு வீட்டுக்கு வீடு டிவி உண்டு, ஆளுக்கு ஒரு போன் உண்டு, தேர்தல் வந்தா தலைக்கு ஒரு ஓட்டு உண்டு, கக்கூஸ் மட்டும் கிடையாது. ஆம்பளைங்களுக்கு அது ஒரு குறையாவே தெரியல, சுவரைப் பாத்தா நின்னுக்குவாங்க, கால்வாயைப் பாத்தா குந்திக்குவாங்க. பொம்பளைங்க நாங்க என்ன பண்றது? விடியறதுக்கு முன்னாடி தண்டவாளத்தோரம் முள்ளு மறைவுக்குப் போகணும், இல்லன்னா இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கணும், நடுப்பகல்ல அவசரம் வந்தா அது வந்தவளோட தலையெழுத்து.

தனியாப் போறது ஆபத்து, அதனால எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. கதவைத் தட்டினா ஆம்பளைங்க முழிச்சுக்கிட்டு யாரு என்னன்னு கத்துவாங்கன்னு, பக்கத்து வீட்டுத் தகரத்துல நகத்தால மெல்லக் கீறுவோம். கீறல் சத்தம் கேட்டா, எந்தச் சண்டை இருந்தாலும், எந்தக் காய்ச்சல் இருந்தாலும், எழுந்து துணைக்குப் போயே ஆகணும், அது கோர்ட்டுல இல்லாத எங்க சட்டம். பக்கத்து வீட்டு இட்லிக்கடை நாகபூஷணமும் நானும் குழாயடியில முடியைப் பிடிச்சுக்கிட்டதுலேர்ந்து வருஷக்கணக்கா மொகம் குடுத்துப் பேசினது இல்ல, ஆனா அவ கீறலுக்கு நான் போகாம இருந்ததும் இல்ல, என் கீறலுக்கு அவ வராம இருந்ததும் இல்ல; ஊமைங்க மாதிரி போவோம், ஊமைங்க மாதிரி வருவோம்.

அடக்கிக்கிறதுக்கு ஒரே வழி தண்ணி குடிக்காம இருக்கிறதுதான், அதனால வெயில் மண்டையைப் பொளந்தாலும் நாக்கை நனைச்சுக்கிறதோட சரி. நான் வேலை செய்யிறது ஒரு பெரிய மால்ல. அங்க இருக்கிற கக்கூஸ்களைக் கழுவி, மொகம் தெரியிற மாதிரி துடைச்சு, வாசனை அடிச்சு வெக்கிறதுதான் என் வேலை, அதுல நான் போகக் கூடாதுன்னு சூப்பர்வைசர் உத்தரவு. ஏன்னு கேட்டா, "அது கஸ்டமருக்குக் கட்டினது"ம்பான். கஸ்டமருக்கு இருக்கிறதுதான்டா எனக்கும் இருக்குன்னு தொண்டை வரைக்கும் வரும், முழுங்கிக்குவேன்.

எத்தனையோ மனு குடுத்து, மண்டல ஆபீஸ் வாசல்ல காலிக் குடத்தோட உக்காந்து, அங்க இருக்கிறவங்க எங்களைச் சுத்திக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போய், கடைசியில ஒரு வழியா கட்டித்தான் குடுத்தாங்க. நல்லாத்தான் கட்டினாங்க, பொய் சொல்லக் கூடாது. வெள்ளை டைல்ஸ், மேல தண்ணித் தொட்டி, வெளிச் சுவத்துல மயில் படம். ஆனா திறக்கல. பெரிய தலைவர் ஒருத்தர் வந்து ரிப்பன் வெட்டணுமாம், அவருக்கு நாள் கிடைக்கணுமாம், அதுவரைக்கும் இரும்புக் கதவுக்கு ஆமைப்பூட்டு போட்டு, சாவியைக் கோதண்டம் இடுப்புல சொருகிக்கிட்டான். கோதண்டம் யாருன்னா எங்க கவுன்சிலர் சுலோசனாவோட புருஷன். பொம்பளைங்களுக்கு ஒதுக்கின வார்டுன்னு பொண்டாட்டி பேர்ல நின்னு, ஜெயிச்சதும் அந்தம்மாவை சமையல்கட்டுல விட்டுட்டு இவன் நாற்காலியில உக்காந்துக்கிட்டான். நாங்க போய்க் கேட்டா, "இத்தினி வருசம் அடக்கிக்கினு இருந்தீங்கல்ல, இன்னும் கொஞ்ச நாள் அடக்க முடியாதா? ஐயா கையால திறக்கலன்னா அடுத்த தபா எங்களுக்கு சீட்டு குடுப்பாங்களா?"ன்னு கேப்பான். ஒரு கோடை போச்சு, மழை போச்சு, மறு கோடையும் வந்துடுச்சு, மயிலுக்குச் சாயம் போயிடுச்சு.

இந்த நிலைமையிலதான் ரெஜினா மாசமா இருந்தா. எங்க வரிசையில கடைசி வீடு, துணிக் கம்பெனியில இஸ்திரி போடுற பொண்ணு, அவ பேசுறது பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேக்காது. போன தடவை ஏழாம் மாசத்துல அவ கொழந்தை வயித்துலயே நின்னுபோச்சு. தண்ணியே குடிக்காம, அடக்கி அடக்கி வெச்சு, உள்ள கிருமி புடிச்சு, அதுதான் கொழந்தையைக் கொண்டுபோயிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா திட்டினாங்க. அசைவு நின்னது எப்போன்னு அப்ப இவளுக்கே தெரியல, தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு நாள் பாட்டு வேற பாடியிருக்கா, பாவி மக. அதனால இந்த வாட்டி எந்நேரமும் வயித்து மேலயே ஒரு கை, உதைக்குதா உதைக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பா, ஒரு உதை விழுந்துட்டா மொகம் பூரா சிரிப்பா இருக்கும். தண்ணி குடிக்கணும், குடிச்சா போகணும், போக இடம் இல்ல. ஏழாம் மாசம் பொறந்த அன்னிக்கு முள்ளுக்காட்டுல தடுக்கி விழப் போனவளை நாகபூஷணம்தான் தாங்கிப் பிடிச்சா. பிடிச்சவ நேரா வந்து அந்தப் பூட்டின கதவு முன்னாடி நின்னு, ரெண்டு கையாலயும் மண்ணை வாரிப் பூட்டு மேல தூத்தினா.

"எங்களுக்கு வர்றது அத்தினியும் சாவி வெச்சினுகீறவனுக்கு வரட்டும்டா!"

மறுநாள் விடியக்காலையில எந்தத் தகரத்துலயும் கீறல் சத்தம் கேக்கல. நான் முழிச்சப்ப வெயில் ஏறியிருந்துச்சு. என்னடா இதுன்னு எழுந்து உக்காந்து பாக்குறேன், உடம்பு லேசா இருக்கு, ஒண்ணுமே தோணல. வெளிய வந்தா அவ அவ வாசல்ல நிக்கிறா, ஒருத்தி மொகத்தை ஒருத்தி பாக்குறா, கேக்க வெக்கம். நாகபூஷணம்தான் கேட்டா, அதுவும் என்னைப் பாத்து.

"ஏம்மே கன்னிம்மா, உனக்கு வந்துச்சா?"

"இல்லக்கா. உனக்கு?"

"எனக்கும் வர்ல."

இப்படித்தான் நாங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆனோம். பாவாடை கட்டின சின்னப் பொண்ணுலேர்ந்து பல்லு போனவங்க வரைக்கும் ஒருத்திக்கும் வரல, அன்னிக்கும் வரல, அதுக்கப்புறமும் வரல, வயிறு உப்பல, வலி இல்ல, நோவு இல்ல. எங்க ஊர்ல யாரும் பெருசா ஆச்சரியப்படல, கால்வாய்த் தண்ணி பின்னாடி ஓடினாலும் அந்தாண்ட எதுனா வேலை நடக்குது போலன்னு சொல்லிட்டுப் போற ஜனங்க நாங்க. அம்மன் கோயில் பூசாரி ஆத்தா கருணைன்னாரு, பாஸ்டரு ஜெபத்தோட பலன்னாரு. நாகபூஷணம் விட்ட சாபம்னு சிலபேரு சொன்னதுக்கு, "என் சாபம் பலிக்கிறதா இருந்தா ரேஷன் கடையில பாதிப்பேரு இந்நேரம் போய்ச் சேந்திருக்கணும்"னு அவளே சொல்லிட்டா. எங்களுக்கு மட்டும் ஏன் நிக்கலன்னு ஆம்பளைங்க வந்து கேட்டாங்க. உங்களுக்குத்தான் ஊரே கக்கூஸாச்சே, உங்களுக்கு எதுக்கு நிக்கணும்னோம்.

அப்புறம் பாருங்க, நாங்க தண்ணி குடிச்சோம். குடத்துலேர்ந்து மொண்டு குடிச்சோம், குழாயில வாய வெச்சுக் குடிச்சோம், உச்சி வெயில்ல மோர் குடிச்சோம், சாயங்காலம் நன்னாரி சர்பத் குடிச்சோம், தர்பூசணியில மூக்கை முக்கிக்கிட்டுத் தின்னோம், வேலைக்குப் போனவங்க கொண்டுபோன பாட்டிலைக் காலி பண்ணிட்டு வந்தாங்க, பள்ளிக்கூடம் போற பொண்ணுங்க கடைசி பீரியட் வரைக்கும் நெளியாம பாடம் கேட்டாங்க, தலைவலி போச்சு, நீர்க்கடுப்பு போச்சு, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அரைத் தூக்கம் தூங்கினவ முழுத் தூக்கம் தூங்கினா. இத்தனை வருஷமா எங்களுக்கு இருந்தது தாகம்னு, அது தீர்ந்தப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. பழக்க தோஷத்துல சிலபேரு மட்டும் விடியக்காலையில எழுந்து பக்கத்து வீட்டுத் தகரத்தைக் கீறிட்டு, "சும்மாதான், நல்லாகீறியான்னு பாத்தேன்"னு சொல்லிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்குவாங்க.

கோதண்டம் சமாச்சாரம் எங்களுக்குக் கொஞ்சம் தாமசமாத்தான் தெரிஞ்சுது. ஊர்ப் பொம்பளைங்களுக்கு வர்றது அத்தனையும் அந்த ஒத்த உடம்புல இறங்கிடுச்சு. கல்யாண வீட்டுல மொய் எழுதுற எடத்துலேர்ந்து எழுந்து ஓடினான், கட்சிக் கொடியை ஏத்திக்கிட்டு இருக்கும்போதே பாதியில விட்டுட்டு ஓடினான், டாக்டருங்க ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு கல்லு இல்ல, சுகர் இல்ல, ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. விஷயத்தைக் கண்டுபிடிச்சது நாகபூஷணம்தான். ஒரு நாள் அவ கடை வாசல்ல பைக்கை நிறுத்தி யாரையோ அதட்டிக்கிட்டு இருந்தான், இவ விக்கல்னு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா, அவன் நெளிஞ்சான். என்னமோ தோணி இன்னொரு டம்ளர் குடிச்சா, அவன் பேச்சு நின்னுது. அவன் கண்ணையே பாத்துக்கிட்டு மூணாவது டம்ளரை அண்ணாந்து ஊத்தினா, பைக்கை அங்கேயே போட்டுட்டு ஓடிட்டான்.

"அடி என் ராசாத்திங்களா, வாங்கடி!"ன்னு அவ போட்ட கூச்சல்ல மேடே கூடிடுச்சு.

உலகத்துல எல்லாரும் உண்ணாவிரதம் இருப்பாங்க, நாங்க தண்ணி குடிக்கிற போராட்டம் நடத்தினோம். கோதண்டம் வீட்டுத் தெருமுனையில பந்தல் போட்டு, டிரம்மு டிரம்மா தண்ணி வெச்சு, மோர் வெச்சு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, வயசுல பெரியவங்களை முன்னாடி உக்கார வெச்சு, "கதவைத் தெற! இல்லாங்காட்டி குடிப்போம்!"னு கோஷம் போட்டுக் கோஷம் போட்டுக் குடிச்சோம். இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு, "பட்டினி கெடந்தா தூக்கினு போயி குளுக்கோஸ் ஏத்தலாம், தண்ணி குடிக்கிறவங்கள எந்த செக்சன்ல புடிக்கிறது?"ன்னு தலையைச் சொறிஞ்சாரு, நாகபூஷணம் அவர் கையில ஒரு டம்ளர் மோரைக் குடுத்து நிழல்ல உக்காரச் சொன்னா. மாடியில கோதண்டம் வீட்டு ஃப்ளஷ் சத்தம் தெரு வரைக்கும் கேக்கும், கேக்கும்போதெல்லாம் நாங்க கை தட்டுவோம்.

அப்படியும் அவன் திறக்கல. அடுத்த மாசம் ஐயாவுக்கு நாள் கிடைக்கும்னு யாரோ சொன்னாங்களாம், அதுவரைக்கும் தாங்கிக்கிறேன்னு வீம்பு.

மூணாம் நாளோ நாலாம் நாளோ, எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருக்கும்போது, பந்தல் ஓரத்துல ரெஜினா ரெண்டு கையையும் வயித்து மேல வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தா.

"என்னாடி ஆச்சு?"ன்னேன்.

"உதைக்கலக்கா."

"எப்பலேர்ந்து?"

"எல்லாருக்கும் நின்னுச்சே, அன்னிலேர்ந்து. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இதயம் நல்லாத் துடிக்குதும்மா, கொழந்தை நல்லா அசையுதும்மான்னு ஸ்கேன் டிவியில காட்டுறாங்க. டிவியில உதைக்குதுக்கா. எனக்குத் தெரியலியே! போன வாட்டி மாதிரி நின்னுபோச்சுன்னா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

நான் அப்படியே அவ பக்கத்துல உக்காந்துட்டேன். அடிவயித்துல எங்களுக்கு வர்றது அத்தனையும் போனப்ப அதுவும் சேந்து போயிருக்கு, நாங்க மோர் குடிச்சுச் சிரிச்சுக்கிட்டு இருந்த நாளெல்லாம் இந்தப் பொண்ணு தனியா செத்துப் பொழச்சிருக்கா.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கடி கண்ணு, அவன் கதற ஆரம்பிச்சுட்டான், தெறந்துடுவான்"னு நாகபூஷணம் அவ தலையைத் தடவினா.

"கோதண்டம் அண்ணனும் அதானக்கா சொன்னாரு, இன்னும் கொஞ்ச நாள் அடக்கிக்கோன்னு"ன்னா ரெஜினா.

நாகபூஷணம் கைய எடுத்துக்கிட்டா. நல்லாத்தான இருக்கோம், பேசாம கக்கூஸே வேணாம்னுட்டு இப்படியே இருந்துடலாம்னு பின்னாடி யாரோ முணுமுணுத்தாங்க. அவ்வளவுதான், வாயே தெறக்காத அந்தப் பொண்ணு எழுந்து நின்னு தெரு முழுக்கக் கேக்குற மாதிரி பேசினா.

"என் ஒடம்புல வர்றது எனக்கு வேணும்! கஷ்டம்னு சொல்லி அதை எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு நான் இன்னாத்துக்கு? வரட்டும், நல்லா வரட்டும், போறதுக்கு ஒரு கதவு தெறந்திருக்கணும், அதத்தான நாம கேட்டோம்?"

கேட்டுட்டு விடுவிடுன்னு கோதண்டம் வீட்டுக்கு நடந்தா. தனியா விடக் கூடாதுல்ல, நாகபூஷணமும் நானும் துணைக்குப் போனோம்.

கோதண்டம் சோபாவுல வெந்நீர்ப் பையை வயித்து மேல வெச்சுக்கிட்டு இஞ்சி மொரப்பாவைக் கடிச்சுக்கிட்டு இருந்தான். பாதி ஆளா இருந்தான், அதைப் பாத்து எனக்கு ஒரு நிமிஷம் பாவமாக்கூட இருந்துச்சு. ரெஜினா நேராப் போய் அவன் முன்னாடி நின்னு, "அண்ணா, உங்க வயித்துல ஒரு தபா கை வெச்சுப் பாத்துக்கட்டுமா?"ன்னு கேட்டா.

"இன்னாது! அடிங்... வெளிய போங்க எல்லாரும்! எனக்கே உள்ள வாய்வு புடிச்சு எகிறி எகிறி உதைக்குது..."

"அது வாய்வு இல்லண்ணா. என் கொழந்தை."

கோதண்டம் மொரப்பாவை அப்படியே வாயில வெச்சுக்கிட்டு எங்களைப் பாத்தான். அந்த நேரம் பாத்து நாகபூஷணம் நிதானமாச் சொன்னா: "பொண்ணுக்கு இது ஏழாம் மாசம் கோதண்டம். இனிமே எப்ப வேணாலும் இடுப்பு வலி எடுக்கலாம். ஐயாவுக்கு நாள் கெடைக்கிற வரைக்கும் அடக்கிக்க முடியாதா உன்னால?"

சமையல்கட்டு வாசல்ல கரண்டியோட சுலோசனாம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க, எவ்வளவு நேரமா நின்னாங்களோ தெரியாது, கோதண்டம் தன் இடுப்புலேர்ந்து சாவியைப் பிடுங்கி, "நீதான கவுன்சிலரு, இந்தா, நீயே வெச்சுக்க!"ன்னு அந்தம்மா மேல வீசினான்.

சாவி கையில விழுந்ததும் அந்தம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கண்ணை மூடி, பல்லைக் கடிச்சு, ஊர்ப் பொம்பளைங்க பாரத்தையெல்லாம் தாங்கிக்கிட்டு நின்னாங்க, அப்புறம் மெதுவா கையைத் தன் வயித்துல வெச்சாங்க, ரெண்டு பெத்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா.

"நல்லா உதைக்குதும்மா"ன்னாங்க ரெஜினாவைப் பாத்து. "வலது பக்கம் குதிகாலு. அப்பா, என்னா வேகம்! ஒண்ணும் பயப்படாத, ரொம்ப நல்லாகீது உன் கொழந்தை."

ரெஜினா அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதா, நாகபூஷணம் மூக்கைச் சிந்தினா, நான் கோதண்டத்தை மொறைச்சேன். சுலோசனாம்மா அடுப்பை அணைச்சாங்க, செருப்பை மாட்டினாங்க, வாசப்படி இறங்கினாங்க.

"ஏய், ஐயாவுக்கு நாள் கெடைக்காம எப்படித் திறப்ப?"ன்னு பின்னாடியே கத்தினான் கோதண்டம்.

"நான்தானே கவுன்சிலரு? எனக்கு இன்னிக்குத்தான் நாள்"னாங்க. அப்புறம் எங்ககிட்ட, "சீக்கிரம் நடங்க, எல்லாரோடதும் என்கிட்டகீது"ன்னாங்க.

பந்தல்ல இருந்தவங்க குடிச்சுக்கிட்டு இருந்ததைத் துப்பிட்டு எழுந்து பின்னாடியே வந்தாங்க. ரிப்பன் இல்ல, மாலை இல்ல, கல்வெட்டு மேல போட்டிருந்த துணியைக்கூட யாரும் விலக்கல, சுலோசனாம்மா பூட்டைத் திறந்து கையில வெச்சுக்கிட்டு, "இதை யாருகிட்ட குடுக்குறது?"ன்னு கேட்டாங்க. அத்தனை பேரும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ஒரு அடி நகந்தோம். இருக்காதா பின்ன!

"வெளிய எதுக்கும்மா பூட்டு? உள்ள தாப்பா இருந்தா போதும்"னா நாகபூஷணம்.

சரின்னுட்டு பூட்டையும் சாவியையும் சேத்துக் கால்வாயில வீசினாங்க. இப்பவும் அங்க பூட்டு கிடையாது. மோட்டார் ரிப்பேர் ஆனப்ப மண்டல ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டோம், லைட்டு எரியாதப்ப போட்டோம், கழுவுறதுக்கு ஆள் போட்டு அவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் வரணும்னும் போட்டோம், அந்தச் சண்டைக்கு நான்தான் முன்னாடி நின்னேன், இப்பல்லாம் சுலோசனாம்மாவும் எங்ககூட வந்து உக்காந்துக்குறாங்க. அதெல்லாம் பின்னாடி நடந்தது. அந்த நிமிஷம் எங்களுக்கு அந்த நெனப்பே இல்ல, ஏன்னா சாவி தண்ணியில விழுந்த சத்தம் கேட்டதும் எல்லாருக்கும் வந்துடுச்சு.

ஐயோ, எப்படி வந்துச்சு! ஒவ்வொருத்தியும் குடிச்ச மோரும் சர்பத்தும் தர்பூசணியும் ஒரே நேரத்துல திரும்பி வந்துச்சு. ஒருத்தி காலைப் பின்னிக்கிட்டா, ஒருத்தி சுவத்துல சாஞ்சுக்கிட்டா, ஒருத்தி சிரிக்க வெக்காதீங்கடின்னு கத்திக்கிட்டே சிரிச்சா. அந்த நெரிசல்லயும் யாரும் சொல்லாமலே எல்லாரும் விலகி ரெஜினாவை முதல்ல உள்ள அனுப்பினோம். அவ உள்ள போய்த் தாப்பா போட்டா. தாப்பா விழுந்த சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

போனவ வெளிய வரல. நாங்க நிக்கிறோம், நெளியிறோம், அவ வரல. ஒரு சத்தமும் இல்ல. சிரிச்சவங்க சிரிப்பை நிறுத்திட்டாங்க. நான் கதவுல காதை வெச்சு, "ரெஜினா, ஏண்டி, என்னாச்சு?"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, அழுகையும் சிரிப்புமா உள்ளேர்ந்து குரல் வந்துச்சு.

"உதைக்குதுக்கா! எனக்கு உதைக்குது!"

"உதைக்கட்டும்டி என் தங்கமே, நல்லா உதைக்கட்டும்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே கதவைத் தட்டினா நாகபூஷணம். "நீ முதல்ல வெளிய வா, எங்களுக்குத் தாங்கல!"